கன்னியம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தது யார்?

பேய், ஆவி, காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பத்துநான்கு வருஷம் நர்ஸாக இருந்தவள். எத்தனை உடம்பைக் குளிப்பாட்டி, கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி அனுப்பியிருப்பேன், அதில் ஒன்றாவது எழுந்து உட்கார்ந்ததா? எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்த சின்னப் பெண்கள் வார்டில் ஏழாம் நம்பர் கட்டிலில் யாரோ முனகுகிறார்கள் என்று கதை கட்டியபோது, நானே போய் அந்தக் கட்டிலில் படுத்து ஒரு மதியம் முழுக்கத் தூங்கிக் காட்டினேன். பைபிளை நம்புவேன், தெர்மாமீட்டரை நம்புவேன், இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற எதையும் நம்பினதில்லை. அதனால்தான் நீங்கள் நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்து, "அந்தக் காலத்துல வீட்டுக்குப் போய் நர்ஸிங் பண்ணதைப் பத்திச் சொல்லுங்க மேடம்" என்று கேட்டபோது இதை மட்டும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். நர்ஸிங் காலேஜில் பாடம் எடுக்கிறவர் நீங்கள். நம்பமாட்டீர்கள். நம்பாவிட்டால் போகட்டும், எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதில் பேய் பாதிதான், மீதிப் பாதி மனுஷர்கள் செய்தது, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கிறது.

குணமாகாதவர்களின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்வதற்கு இப்போது நீங்கள் பாலியேட்டிவ் கேர் என்று பெயர் வைத்து, அதற்கென்று படிப்பு வைத்து, நர்ஸே முடிவெடுக்கலாம் என்றெல்லாம் பேசுகிறீர்கள். சந்தோஷம். நாங்கள் செய்தபோது அதற்குப் பெயர் ஊர் சுற்றுவது. அறுபத்தொன்பதின் கடைசியோ எழுபதின் ஆரம்பமோ, நான் தாம்பரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தேன், பெயர் வேண்டாம். அங்கே ஒரு பெரிய டாக்டரம்மா இருந்தார். அவர்தான் என்னை வேலூருக்கு அனுப்பி ஒரு வருஷம் மேல்பயிற்சி எடுக்க வைத்தார். திரும்பி வந்ததும் ஒரு காகிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஹெலன் சிஸ்டர் நோயாளியின் வலியைப் பார்த்து, இந்த அளவிலிருந்து இந்த அளவு வரை மார்பின் என்கிற வலிமருந்து ஊசியைத் தானே முடிவு செய்து போடலாம், ஒவ்வொரு முறையும் டாக்டரைக் கேட்க வேண்டியதில்லை என்று. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் சேலையூர், இரும்புலியூர், பெருங்களத்தூர் வரை ஆஸ்பத்திரி சைக்கிளில் போய் வருவேன்.

யாரைப் பார்க்க என்றால், ஆஸ்பத்திரி கைவிட்டவர்களை. சீட்டில் "இனிச் செய்ய ஒன்றுமில்லை" என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒன்றுமில்லையாம்! புண் நாறும், அதைக் கழுவ வேண்டும். வாய் காய்ந்து வெடிக்கும், அதைத் துடைக்க வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் முதுகு அழுகும். வீட்டு மனுஷர்களுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டும், அவர்கள் அழுதால் அதையும் கேட்க வேண்டும். டாக்டருக்கு ஒன்றுமில்லாமல் போகிற இடத்தில்தான் எனக்கு வேலை ஆரம்பம்.

கன்னியம்மா இரும்புலியூர் ஏரிக்கரைப் பக்கம் ஓர் ஓலை வீட்டில் இருந்தாள். நாற்பது வயசுகூட இருக்காது. மார்பில் புற்றுநோய் வந்து, அறுத்து, திரும்ப வந்து, முதுகெலும்புக்குப் போய், இடுப்புக்குக் கீழே கால் இரண்டும் விழுந்துவிட்டது. புருஷன் முனுசாமி லாரியில் ஜல்லி ஏற்றுகிற கூலி, விடிவதற்கு முன்னால் போனால் பொழுது சாயத்தான் வருவான். பக்கத்து வீட்டு பாக்கியம் தண்ணீர் கொடுப்பாள், அவ்வளவுதான். "நாத்தம் கொடலப் புடுங்குது சிஸ்டர், நான் தொட மாட்டேன், தப்பா நெனச்சுக்காத" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், வெளிப்படையாகச் சொன்னாளே.

நான் தினமும் மதியம் இரண்டு மணிக்குப் போவேன். ஊசி போட்டு, அது வேலை செய்யும்வரை உட்கார்ந்திருந்து, புண்ணைக் கழுவிக் கட்டி, கட்டிலுக்கடியில் வைத்த தட்டில் நாற்றத்தை இழுக்கக் கொட்டிய அடுப்புக்கரியை மாற்றி, அவளைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவில் ஒன்று, கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. சாயந்திரத்துக்கும் ராத்திரிக்கும் மார்பின் கலந்த தண்ணீர் மருந்தை முனுசாமி ஸ்பூனால் கொடுப்பான். இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"சிஸ்டர், பொழைக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. நான் கத்தாம போவணும். ஆஸ்பத்திரிக்கி வர்றதுக்கு முன்னாடி நான் கத்துன கத்துல இந்த மனுசன் ஏரிக்கரையில போயி காதப் பொத்திக்கினு குந்திகினு இருந்தான். அதப் பாத்துக்கினு சாவ முடியாது என்னால."

"கத்த விடமாட்டேன், நான் இருக்கேன்" என்றேன். வாயால் சொன்னேன். அதைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அந்தப் பெண்ணுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

டாக்டரம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஓய்வு வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார். புதிதாக ஒரு சூப்பரின்டெண்டென்ட் வந்தார். வந்த இரண்டாம் வாரம் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் என் காகிதம் இருந்தது.

"இது என்ன சிஸ்டர், யாரைக் கேட்டு டோஸ் டிசைட் பண்றீங்க?"

"பெரிய டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்காங்க சார்."

"அவங்க இப்ப இல்ல. நர்ஸ் எல்லாம் டோஸ் டிசைட் பண்ண ஆரம்பிச்சா நாங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்? அதுவும் மார்பின். தினமும் போட்டா ஹேபிட் ஆயிடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஹேபிட்! மூன்று வாரத்தில் சாகப்போகிற பெண்ணுக்குப் பழக்கமாகிவிடுமாம். அவள் பழகி, பிறகு என்ன செய்வாள் என்று பயந்தார் அந்த மனுஷன், எனக்கு இன்றுவரை புரியவில்லை. "சார், அவங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றேன். "அப்ப இங்க கொண்டுவந்து அட்மிட் பண்ணச் சொல்லுங்க" என்றார். "வந்த முதல் வாரமே நீங்கதான் சார் செய்ய ஒண்ணுமில்லாதவங்கள அட்மிட் பண்ணாம வீட்டுக்கு அனுப்பச் சொல்லி சர்க்குலர் போட்டீங்க" என்றேன். அவ்வளவுதான், முகம் சிவந்துவிட்டது. என் கண் முன்னாலேயே காகிதத்தை நான்காகக் கிழித்தார். அன்றிலிருந்து எனக்கு லினன் ரூம் டியூட்டி. பத்து வருஷ சர்வீஸ், வேலூர் சர்டிபிகேட், நான் படுக்கை விரிப்பு மடிக்கிறேன்.

நீங்கள் கேட்கலாம், டியூட்டி முடிந்த பிறகு போக வேண்டியதுதானே என்று. அப்போது கல்யாணமாகாத நர்ஸ் எல்லோரும் குவார்ட்டர்ஸில்தான் இருக்க வேண்டும், கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் வார்டன் கையெழுத்துப் போட்ட அவுட்பாஸ் வேண்டும். என் அவுட்பாஸை நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட ஆஸ்பத்திரிக்கு உள்ளே இருக்கிற சேப்பலில்தான் ஆராதனை. சைக்கிளை ஷெட்டில் போட்டுச் சங்கிலி கட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவும் உண்மை. ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு, கேட்டை மீறிப் போனால் வேலை போய்விடும் என்று நான் பயந்தேன். அந்தப் பயத்தைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை, அந்த ஆளைக்கூட ஒருவேளை மன்னித்துவிடுவேன்.

பதினொரு நாள் போனது. லினன் ரூமில் என்னோடு தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த ரோசம்மாள் சாட்சி, காலை ஏழிலிருந்து சாயந்திரம் நான்கு வரை நான் அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை, மதியச் சாப்பாடுகூட அங்கேயே. இரண்டு மணி அடித்தால் எனக்குக் கை ஓடாது. மருந்துச் சீசா இரண்டு நாளில் தீர்ந்திருக்கும் என்று தெரியும். நான் கடைசியாகப் பார்த்தபோது அவள் முதுகுத்தண்டின் அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் சிவந்து உரிய ஆரம்பித்திருந்தது. திருப்பிப் போட ஆளில்லாவிட்டால் அது எத்தனை நாளில் குழியாகும் என்று எனக்குத் தெரியும், எலும்பு தெரிய எத்தனை நாள் என்றும் தெரியும். அந்தப் பதினொரு நாளும் கன்னியம்மா கத்திக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டு விரிப்பு மடித்தேன்.

பன்னிரண்டாம் நாள் என்னால் முடியவில்லை. என்ன நடந்தது என்றால் ஒன்றுமே நடக்கவில்லை, ஒரு விரிப்பை உதறினேன், அது அவள் இடுப்புக்கு அடியில் நான் போடுகிற அதே அளவுக் குறுக்கு விரிப்பு, அதை அப்படியே தரையில் போட்டுவிட்டு யூனிபாரத்தோடு நடந்தேன். கேட்டில் வாட்ச்மேன், "சிஸ்டர், பாஸ் எங்க?" என்றான். "போய் சூப்பரின்டெண்டென்ட்டையே கேளு" என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். பங்குனி வெயில், ஜி.எஸ்.டி. ரோட்டில் புளியமர நிழலிலேயே வேகமாக நடந்தேன். கையில் ஒன்றும் இல்லை, ஒரு மாத்திரைகூட இல்லை, வெறும் பஞ்சும் துணியும் ஒரு பையில். போய் என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலே போனேன்.

ஏரிக்கரை திரும்பினதும் நின்று காது கொடுத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. செத்துவிட்டாள் என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவள் சாவுக்கு யார் யார் பொறுப்பு என்று மனதுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினேன், அந்த வரிசையில் என் பெயரும் இருந்தது.

கன்னியம்மா உயிரோடு இருந்தாள். வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவில் ஒன்று, கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. வாய் ஈரமாக இருந்தது. அறையில் நாற்றம் இல்லை, குனிந்து பார்த்தேன், கட்டிலுக்கடியில் தட்டில் புதுக் கரி. சத்தியமாகச் சொல்கிறேன், நான் செய்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

நான் முதலில் நினைத்தது பேயை இல்லை. வேறு யாரோ நர்ஸ் வருகிறாள், எனக்குத் தெரியாமல் யாரையோ போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட வந்தது. பாக்கியத்தைக் கூப்பிட்டேன். வாசலில் இருந்தே எட்டிப் பார்த்தாள்.

"பாக்கியம், யார் வந்து இதெல்லாம் பண்றது?"

"இன்னா சிஸ்டர் கேக்கற? நீதான டெய்லி வந்துகினு கீற. ரெண்டு மணிக்கு சைக்கிள நிறுத்திட்டு உள்ள போனா, அவ புருசன் வர்ற நேரம் வரைக்கும் இருக்கற. முன்னெல்லாம் ரெண்டு வார்த்தை பேசுவ. இப்ப கூப்ட்டாகூட திரும்பிப் பாக்க மாட்டேன்ற. என் மேல இன்னா கோவம்?"

கன்னியம்மாவிடம் போய் முதுகைப் பார்த்தேன். பதினொரு நாளைக்கு முன்னால் உரிய ஆரம்பித்த இடம் காய்ந்து, புதுத் தோல் இளஞ்சிவப்பாக மூடியிருந்தது. நீங்களே நர்ஸ், சொல்லுங்கள், அந்த உடம்பில், சாப்பாடே இறங்காத உடம்பில், ஒரு படுக்கைப்புண் தானாக ஆறுமா? கையைப் பார்த்தேன், தொடையைப் பார்த்தேன். ஊசி குத்திய புள்ளிகள், புதுசு. ஒரே இடத்தில் குத்தினால் தோல் கெட்டுப்போகும் என்று நான் வலது கை, இடது கை, வலது தொடை, இடது தொடை என்று ஒரு சுற்றாகப் போடுவேன். அதே சுற்று. எண்ணினேன், பதினொன்று.

அப்போது கன்னியம்மா கண் திறந்து என்னைப் பார்த்தாள். எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று வந்தவள் நான், "கன்னியம்மா, என்னை மன்னிச்சிடு" என்றுதான் வாயில் வந்தது. அவள் கேட்டாள்:

"நீ யாரும்மா?"

"ஹெலன் சிஸ்டர். தெரியலையா?"

"இல்லம்மா. எங்க சிஸ்டரு ரெண்டு மணிக்கு வருவாங்க. நீ மூஞ்சி மட்டும் அவங்க மாரி கீற. ஆனா கோவமா கீற. அவங்க கோவப்பட மாட்டாங்க. நீ போ."

மூளைக்குப் பரவிவிட்டது, பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். சோதித்துப் பார்த்தேன். புருஷன் பெயர் கேட்டேன், சொன்னாள். அன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன், சரியாகச் சொன்னாள். பாக்கியத்தின் பிள்ளைத்தாய்ச்சி மகளுக்கு எத்தனை மாதம் என்று சொன்னாள். எல்லாம் தெளிவாக இருந்தது, என்னை மட்டும் தெரியவில்லை. இரண்டு மாதம் மலம் அள்ளினவள் நான், என்னைப் போகச் சொல்கிறாள். உங்களிடம் எதற்கு மறைக்க, எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. சுவரோரம் ஒரு முக்காலி இருந்தது, அதில் போய் உட்கார்ந்துகொண்டேன். வருகிறவள் யாராக இருந்தாலும் வரட்டும், பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்தேன்.

யூனிபாரத்தில் குத்தியிருந்த கடிகாரத்தை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். இரண்டு மணிக்கு ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ இருந்தபோது, வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாக்கியம் முறத்தைக் கொஞ்சம் இழுத்து வழி விட்டு, "வா சிஸ்டர்" என்றாள். நான் இடையில் வெளியே போய்விட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, வெறும் வாசலைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு வழக்கம்போல உள்ளே எட்டிப் பார்த்தவள் முக்காலியில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முறம் கவிழ்ந்து அரிசி எல்லாம் சிதறியது. ஒரு சத்தம்கூடப் போடாமல் எழுந்து அவள் வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

நம்பினால் நம்புங்கள், நான் யாரையும் பார்க்கவில்லை. ஒரு நிழல்கூட இல்லை. வெயில் வாசல்படி வரை அடித்தது, வெளியே காக்கை கத்தியது, பட்டப்பகல். கன்னியம்மா வாசல் பக்கம் பார்த்தாள், முகம் இளகிச் சிரித்தாள். "வந்துட்டியா" என்றாள். தொடையைக் கொஞ்சம் காட்டுவதுபோல் புடவையைத் தளர்த்திக்கொண்டாள், ஒரு நொடி முகம் சுளித்தாள், ஊசி இறங்கும்போது சுளிப்பார்களே அப்படி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் எழவில்லை, என்னால் எழ முடியவில்லை.

அடுத்து நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. இடுப்புக்குக் கீழே அசைவே இல்லாத பெண் அவள், தானாக ஒரு விரற்கடைகூடப் புரள முடியாது. அவளுடைய வலது தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் மெல்ல எழும்பின. முதுகுப் பக்கத்துத் தலையணை விலகியது. உடம்பு முழுக்க ஒரே பாளமாக, தலை தொங்காமல், கால் பின்னாமல், இடது பக்கமாகத் திரும்பியது. குறுக்கு விரிப்பு இழுபட்டு இறுகியது. நான் முக்காலியில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போது என் இரண்டு முன்னங்கைகளிலும் கனம் இறங்கியது. ஒரு கையில் தோள், ஒரு கையில் இடுப்பு, எலும்பும் தோலுமாய் முப்பது, முப்பத்திரண்டு கிலோ. ஆயிரம் பேரைத் திருப்பியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா அந்தக் கனம்? அவள் படுக்கையில் நிலைகொண்டதும் கையிலிருந்து கனம் இறங்கிப் போனது.

அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிர் இருந்தது. நாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன், அவள் என்னைப் போகச் சொல்லவில்லை, நான் இருப்பது அவளுக்குத் தெரிந்ததா என்றும் தெரியாது. மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்து, ஒரு இடைவெளி நீண்டது, அப்படியே நின்றுவிட்டது. ஒரு முனகல்கூட இல்லை. கத்தாமல் போனாள்.

முனுசாமி வந்ததும் அழுதான், அழுதுவிட்டு என் காலில் விழப் பார்த்தான். "எம்மா, நீங்க இல்லன்னா அது துடிச்சித் துடிச்சிச் செத்திருக்கும்மா. டெய்லி நான் வர்றப்போ விரிப்பு கசங்காம இருக்கும், உங்கள ஒரு நாளாவது பாத்து ஒரு கும்புடு போடணும்னு கொஞ்சம் சீக்கிரமா ஓடியாருவேன், அதுக்குள்ள போயிருப்பீங்க" என்றான். அந்த மனுஷனிடம் நான் வரவே இல்லையப்பா என்று எப்படிச் சொல்வேன்? எனக்குச் சேராத நன்றியை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சைக்கிள் ஷெட்டுக்குத்தான் போனேன். சங்கிலி கட்டியபடியே கிடந்தது, இரண்டு டயரிலும் காற்று இல்லை, சக்கரக் கம்பிகளில் ஒட்டடை. மறுநாள் சூப்பரின்டெண்டென்ட் கூப்பிட்டார். யாரோ அவரிடம் நான் தினமும் இரும்புலியூர் போனதாகச் சொல்லியிருக்கிறார்கள், மார்பின் திருடிக்கொண்டு போனேன் என்று முடிவே செய்துவிட்டார். ரோசம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தார், அவள் சிஸ்டர் அறையை விட்டு நகரவில்லை என்றாள். அலமாரியைத் திறந்து மார்பின் இருக்கிற கண்ணாடிக் குப்பிகளை எண்ணிப் பார்த்தார், ஒன்றுகூடக் குறையவில்லை. வேலை தப்பியது. அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அந்த மனுஷன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னதைக் கேளுங்கள்:

"அப்ப அந்தப் பேஷன்ட் பதினொரு நாள் மார்பின் இல்லாமத்தான் இருந்திருக்கா. அமைதியாவே செத்திருக்கா. பாத்தீங்களா சிஸ்டர்? தேவையே இல்லன்னு நான் அன்னிக்கே சொன்னேன். நீங்கதான் வலி வலின்னு பெருசு பண்ணீங்க."

நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும் என்று நீங்களே சொல்லுங்கள். இல்லை சார், பதினொரு ஊசி போட்டிருக்கிறது, ஆனால் போட்டது யார் என்று எனக்குத் தெரியாது என்றா? அவர் அதை ரிப்போர்ட்டாகவே எழுதினார், கன்னியம்மாவை உதாரணம் காட்டி, வீட்டுக்குப் போய் மார்பின் கொடுக்கிற வழக்கமே அவசியமில்லை என்று. கமிட்டி ஒப்புக்கொண்டது. நான் ரிடையர் ஆகிறவரை அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ்கூட அப்படி ஒரு வீட்டுக்குப் போகவில்லை. கத்தாமல் செத்த ஒருத்தியைக் காட்டி எத்தனை பேரைக் கத்த வைத்தார்கள்! வந்தது எதுவோ, அது நல்லதுதான் செய்தது என்று திருப்பியதை மட்டும் விட்டு மற்றதை நான் சொல்லியிருந்த பாஸ்டர் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறவில்லை. எங்கள் வேலையை எங்களைச் செய்ய விட்டிருந்தால் அது எதற்கு வந்திருக்க வேண்டும்?

இதோடு முடிந்திருந்தால் மூளை குழம்பியது என்று நானே முடிவு கட்டியிருப்பேன், உங்களிடம் சொல்லியிருக்கவும் மாட்டேன். எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. ஆனாலும் மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ, மதியம் சாப்பிட்டுவிட்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, இரண்டு மணி வாக்கில், கையில் கனம் இறங்குகிறது. ஒரு கையில் தோள், ஒரு கையில் இடுப்பு. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள், அது தெரிகிறது. ஒரு தடவை பருமனான ஆண், மூச்சு முட்டியது எனக்கு. போன வெள்ளிக்கிழமை வந்தது பத்து வயசுகூட இருக்காத பிள்ளை. எந்த வீடு, எந்த ஊர், எந்த டாக்டர் கைவிட்டது என்று ஒன்றும் தெரியாது. டி.வி.யில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, மருமகள் காபி கொண்டுவந்து நீட்டினாள், நான் வாங்கவில்லை. கை எடுத்தால் அந்தப் பிள்ளை விழுந்துவிடுமோ என்று, கனம் கையை விட்டுப் போகிறவரை இரண்டு கையையும் அப்படியே நீட்டி வைத்துக்கொண்டிருந்தேன்.